ஆயுதம் எப்போது வரலாறாகிறது? – அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் அயல்நாட்டு உபரித் துப்பாக்கிகளும்

போர்கள் முடிவுற்ற நாளை வரலாற்று நூல்கள் துல்லியமாகக் குறித்து வைக்கின்றன. அப்போர்களில் பயன்பட்ட துப்பாக்கிகளின் கதை என்று முடிந்தது என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. எஃகாலும் மரத்தாலும் ஆன ராணுவத் துப்பாக்கி, துருவிலிருந்து காக்கப்படுமானால் நூறாண்டு கடந்தும் சுடத்தக்க நிலையில் இருக்கும். அதை ஏந்திய வீரர் மறைந்திருப்பார். அதைச் செய்வித்த பேரரசும் நிலப்படத்திலிருந்து நீங்கியிருக்கும். துப்பாக்கியோ கிரீஸ் பூசப்பட்டு ஏதோ ஒரு கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கும்.

அவ்வாறு எஞ்சிய துப்பாக்கிகளில் பல லட்சம், கடந்த நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று சேர்ந்தன. அங்கே அவை வேட்டைக் கருவிகளாயின. மலிவு விலைப் பண்டங்களாயின. அவற்றுள் ஒன்று ஓர் அதிபரின் உயிரைப் பறித்தது. பல, பின்னாளில் சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு படிக்கும் ஆவணங்களாயின. அந்நெடும் பயணத்தை இக்கட்டுரையில் காண்போம். அதனூடே ஒரு கேள்வியையும் பின்தொடர்வோம்: கொல்வதற்கெனச் செய்யப்பட்ட கருவி எந்தக் கட்டத்தில் வரலாற்றுப் பொருளாகிறது? அதைத் தீர்மானிப்பவர் யார்?

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இக்கேள்வி சற்றுத் தொலைவானதாகத் தோன்றலாம். இங்கே துப்பாக்கி என்பது தேசிய சேவையில் பெற்று, பயிற்சி முடிந்ததும் ஆயுதக் கிடங்கில் திருப்பி ஒப்படைக்கப்படும் பொருள். அதைத் தனியார் ஒருவர் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பது நம் கற்பனைக்கு எளிதில் எட்டுவதில்லை. ஆயினும் பழம்பொருளைக் காப்பதும், அதன் கதையைப் படிப்பதும், அது விளைவித்த துன்பத்தை மறவாதிருப்பதும் எல்லா நாட்டினருக்கும் பொதுவான கடமைகளே.

உபரி உருவாகும் விதம்

உபரி என்பது தேவைக்கு மேல் எஞ்சியது. ஒரு படையின் துப்பாக்கிகள் இரு வழிகளில் உபரியாகின்றன. போர் முடிந்ததும் படையின் அளவு சுருங்க, இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் ஏந்துவாரின்றிக் கிடக்கின்றன. புதிய வகைத் துப்பாக்கியையோ புதிய அளவுத் தோட்டாவையோ படை ஏற்றுக்கொள்ளும்போது பழையவை ஒரே நாளில் பயனற்றுப் போகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் இவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்தன. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய துப்பாக்கிகளை விட்டுவிட்டு, தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு உலகப் படைகள் மாறின.

உபரியை வைத்திருக்கும் அரசின் முன் நான்கு வழிகள் உள்ளன. மீண்டும் போர் வரலாம் எனக் கருதிச் சேமித்து வைக்கலாம், நட்பு நாட்டுக்கு வழங்கலாம், உருக்கி இரும்பாக்கலாம், விற்கலாம். சேமிப்பதற்குக் கிடங்கும் காவலும் வேண்டும். உருக்கினால் கிடைப்பது பழைய இரும்பின் விலை மட்டுமே. எனவே வாங்குவார் இருந்தால் விற்பதே அரசுகளுக்கு ஆதாயமாயிற்று. வாங்குவார் பெருமளவில் இருந்த நாடு அமெரிக்கா. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசும் இரண்டாம் திருத்தம் 1791இல் அந்நாட்டு அரசமைப்பில் சேர்ந்தது. வேட்டையும் குறிபார்த்துச் சுடுதலும் அங்கே குடும்ப வழக்கங்களாக வேரூன்றியிருந்தன. போரின் பின் செழித்த டாலரும் அதனுடன் சேர்ந்தது.

தீவில் எழுந்த கோட்டை

உபரி வணிகத்தைப் பெருந்தொழிலாக்கிய முன்னோடி பிரான்சிஸ் பானர்மன். 1851இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்றவர். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அவர் குடும்பத்தின் உபரி வணிகம் தொடங்கியது. கடற்படைத் தளத்தின் ஏலங்களில் எடுத்த பழம்பொருள்களை விற்றுப் படிப்படியாக வளர்ந்த அந்நிறுவனத்துக்கு 1898ஆம் ஆண்டு பெருவாய்ப்பாக அமைந்தது. அவ்வாண்டு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் மூண்ட போரில் கைப்பற்றப்பட்ட ஸ்பானிய ஆயுதங்களின் பெரும்பகுதியைப் பானர்மன் விலைக்கு எடுத்தார்.

வெடிமருந்தையும் தோட்டாக்களையும் நகருக்குள் வைத்திருப்பது ஆபத்து. ஆகவே 1900இல் ஹட்சன் ஆற்றின் நடுவிலுள்ள பொல்லபெல் என்னும் சிறு தீவை வாங்கி, அங்கே ஸ்காட்லாந்துக் கோட்டையின் சாயலில் கிடங்கு ஒன்றை எழுப்பினார். அவர் 1918இல் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1920இல், தீவிலிருந்த வெடிபொருள் வெடித்து ஒரு பகுதி சிதைந்தது. 1969இல் தீ எஞ்சிய கட்டடத்தையும் அழித்தது. அதன் வெற்றுச் சுவர்களை இன்றும் ஆற்றில் செல்வோர் காணலாம்.

பானர்மனின் உண்மையான எச்சம் அவருடைய விலைப்பட்டியல் நூல்களே. முந்நூறு பக்கங்களைத் தாண்டிய அந்நூல்களில் ஒவ்வொரு பொருளும் படத்தோடும் குறிப்போடும் இடம்பெற்றது. எந்த நாட்டுத் துப்பாக்கி, எந்தப் போரில் பயன்பட்டது, எந்தக் குறி அதில் காணப்படும் என்று விற்பனைக்காக எழுதப்பட்ட குறிப்புகள், சேகரிப்பாளர்களுக்கு முதல் பாடநூலாயின. துப்பாக்கியோடு அதன் வரலாற்றையும் சேர்த்து விற்கலாம் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

அஞ்சலில் வந்த துப்பாக்கிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வணிகம் வேறோர் அளவை எட்டியது. அதன் நடுநாயகமாக விளங்கியவர் சாமுவேல் கம்மிங்ஸ். அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தில் சில காலம் பணியாற்றிய அவர், 1953இல் இன்டர்ஆர்ம்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகரில், பொட்டோமாக் ஆற்றங்கரையில், அவருடைய கிடங்குகள் வரிசையாக நின்றன. ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாகத் துப்பாக்கிகள் அங்கே வந்திறங்கின. ஜெர்மானிய மௌசர், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட், இத்தாலியக் கார்கானோ எனப் போரில் எதிரெதிர் நின்ற துப்பாக்கிகள் ஒரே கூரையின் கீழ்ப் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டன.

இவற்றை வாங்கக் கடைக்குச் செல்லவும் தேவையில்லை. இதழில் வரும் விளம்பரத்தின் சீட்டை நிரப்பிப் பணத்தோடு அனுப்பினால், துப்பாக்கி வீட்டு வாசலுக்கே வந்து சேரும். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த நல்ல வேட்டைத் துப்பாக்கியின் விலை நூறு டாலரைத் தாண்டிய அக்காலத்தில், உபரித் துப்பாக்கி பத்து, இருபது, முப்பது டாலருக்குக் கிடைத்தது. தொழிலாளியும் பண்ணை உழவரும் அவற்றை வாங்கியதில் வியப்பில்லை.

வாங்கியவர்கள் அவற்றை அப்படியே வைத்திருக்கவில்லை. ராணுவத் துப்பாக்கி கனமானது. குழலின் நுனிவரை மரம் போர்த்தியது. வேட்டைக்காரர்கள் அம்மரத்தை அறுத்தனர், குழலைக் குறுக்கினர், பழைய குறிகாட்டிகளைக் கழற்றித் தொலைநோக்கி பொருத்தினர். துப்பாக்கியில் பொறித்த குறிகளைத் தேய்த்து மெருகேற்றியவர்களும் உண்டு. அன்று அவை எண்ணிறந்து கிடைத்தமையால், அறுப்பதை யாரும் இழப்பாகக் கருதவில்லை. பின்வந்த தலைமுறைச் சேகரிப்பாளர்கள் பெருமூச்சு விட்டது இவற்றை எண்ணியே. மரத்தை மீண்டும் தேடிப் பொருத்தலாம். தேய்த்தழித்த குறியை மீட்க வழியில்லை.

இக்காலத்தின் ஒரு துப்பாக்கி நம் நாட்டு வரலாற்றோடும் தொடர்புடையது. காடுகளில் எளிதாகச் சுமந்து செல்வதற்கென லீ-என்ஃபீல்டைக் குறுக்கி, எடை குறைத்து, 1944இல் பிரிட்டன் செய்த 5ஆம் எண் துப்பாக்கியே அது. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் படையினர் இதை ஏந்தினர். குழலின் நுனியில் கூம்பு வடிவத் தீப்பொறி மறைப்பான் கொண்ட இத்துப்பாக்கியைக் 'காட்டுத் துப்பாக்கி' என்னும் பொருள்படும் பெயரால் அமெரிக்காவில் பரப்பியது கலிபோர்னியாவைச் சேர்ந்த உபரி வணிக நிறுவனம் ஒன்று. பெயர் கவர்ச்சியாக அமைந்ததால் தேவை பெருகியது. தேவை பெருகவே, சாதாரண லீ-என்ஃபீல்டுகளை அறுத்து அதே தோற்றத்தில் போலிகளும் உருவாயின. பின்னாளில், 1962ஆம் ஆண்டுச் சீனப் போரையடுத்து இந்தியாவின் இச்சாப்பூர் ஆலை உருவாக்கிய துப்பாக்கிகளும் அமெரிக்கா சென்றபின் இவ்வாறே அறுக்கப்பட்டன. வங்காளத்தில் செய்யப்பட்ட துப்பாக்கி, மலாயாக் காட்டின் நினைவை வேடமாகப் பூண்டு அமெரிக்கக் கடையில் நின்றது. பொருளின் கதையும் சந்தைச் சரக்காகும்போது கதையையே போலி செய்வதும் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

பத்தொன்பது டாலர், தொண்ணூற்றைந்து சென்ட்

இம்மலிவு வெள்ளத்தை முதலில் எதிர்த்தவர்களுள் முக்கியமானோர் அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர்களே. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களில் அவர்களுடைய ஆலைகள் இருந்தன. உபரி இறக்குமதி தம் விற்பனையைக் குலைப்பதாக அவர்கள் முறையிட்டனர். 1958இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டர் ஒருவர், ராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட அயல்நாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அது முழுமையாக நிறைவேறவில்லை. அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்கு உதவியாக வழங்கிய துப்பாக்கிகள் திரும்பி வருவதற்கு மட்டும் தடை பிறந்தது. மசோதாவைக் கொண்டுவந்த அந்தச் செனட்டரின் பெயர் ஜான் எஃப். கென்னடி.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1963 மார்ச்சில், சிகாகோவின் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றுக்கு டாலஸ் நகரிலிருந்து அஞ்சல்வழி ஒரு கோரிக்கை வந்தது. பொய்ப்பெயரில் அதை அனுப்பியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அவர் கோரியது இத்தாலியக் கார்கானோ. 1940இல் தெர்னி நகர ஆலையில் செய்யப்பட்டது. தொலைநோக்கியுடன் அதன் விலை 19 டாலர் 95 சென்ட். அனுப்பும் செலவு 1 டாலர் 50 சென்ட். அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் டாலஸில் அதிபர் கென்னடியைக் கொன்றது அத்துப்பாக்கியே என விசாரணைக் குழு முடிவு செய்தது.

இதன்பின் நிகழ்ந்த ஒன்று நம் கேள்விக்கு நேரே தொடர்புடையது. அத்துப்பாக்கியைத் தம் உடைமையாக்கிக்கொள்ள ஒரு சேகரிப்பாளர் முயன்றார். ஆஸ்வால்டின் மனைவியிடம் அதற்கெனப் பணமும் கொடுத்தார். ஒரு கொலையின் சாட்சிப் பொருள் தனியார் ஒருவரின் காட்சிப் பொருளாகலாமா என்ற கேள்வி எழுந்தது. 1965இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி, அக்கொலையின் சான்றுப் பொருள்களை அரசுடைமையாக்கியது. இன்று அத்துப்பாக்கி அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது. இருபது டாலர் பெறாத இறக்குமதிச் சரக்கு ஒரே நாளில் ஒரு நாட்டின் துயர ஆவணமாயிற்று.

சட்டம் வரைந்த கோடுகள்

கென்னடி கொலையை அடுத்து எழுந்த விவாதம் ஐந்தாண்டு நீண்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டபின், அவ்வாண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் அஞ்சலில் துப்பாக்கி விற்பது பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியும் தடைப்பட்டது. பத்தாண்டு பாய்ந்த வெள்ளம் வற்றியது.

அதே சட்டம், ஆயுதத்துக்கும் வரலாற்றுப் பொருளுக்கும் இடையே ஆண்டுக் கணக்கால் கோடுகள் வரைந்தது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது தொல்பொருள். அதற்குப் பெரும்பாலான கூட்டரசுக் கட்டுப்பாடுகள் இல்லை. ஐம்பது ஆண்டு நிறைந்து, மூல வடிவம் மாறாதது அரும்பொருள். உரிமம் பெற்ற சேகரிப்பாளர் அதை வேறு மாநிலத்திலிருந்தும் தம் முகவரிக்கு நேரே வரவழைக்கலாம். முதற்கோடு நிலையானது. இரண்டாவது கோடு ஆண்டுதோறும் ஓராண்டு முன்னகர்வது. 'மூல வடிவம் மாறாதது' என்னும் நிபந்தனை, துப்பாக்கியை அறுக்கும் பழைய வழக்கத்துக்கு எதிராக நின்றது.

இக்கோடுகள் சில வேளைகளில் விந்தையான விளைவுகளைத் தந்தன. பின்லாந்தின் எம்39 துப்பாக்கி அவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பின்லாந்து இதைச் செய்தபோது, குழலும் மரமும் புதியவை. அவற்றைத் தாங்கும் உலோக உடற்பகுதியை மட்டும் பழைய ரஷ்யத் துப்பாக்கிகளிலிருந்து எடுத்துக்கொண்டது. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் அவ்வுடற்பகுதியே துப்பாக்கி. ஆகவே 1890களில் ரஷ்யாவில் செய்த உடற்பகுதியைக் கொண்ட எம்39, 1940களின் போருக்கெனக் கட்டமைக்கப்பட்டதாயினும், சட்டப்படி தொல்பொருள். ஒரே கிடங்கில், ஒரே ஆண்டில், ஒரே கையால் பொருத்தப்பட்ட இரு துப்பாக்கிகளில் ஒன்று ஆயுதம், மற்றொன்று தொல்பொருள். மரத்தைக் கழற்றி அடியிலுள்ள ஆண்டைப் படித்தால்தான் எது எது என்று தெரியும்.

1984இல் வணிக, சுங்கச் சட்டம் ஒன்றில் சேர்ந்த திருத்தம், அரும்பொருள் என்னும் வகையில் அடங்கும் ராணுவத் துப்பாக்கிகளை உரிமம் பெற்றவர் இறக்குமதி செய்ய வழி திறந்தது. சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் சிதறியது. பனிப்போர் மீண்டும் பெரும்போராகலாம் என அஞ்சி கிழக்கு ஐரோப்பாவெங்கும் சேமித்து வைத்த துப்பாக்கிகளுக்கு இனிக் காவல் தேவையில்லை; அவ்வரசுகளுக்கோ அயல்நாட்டுப் பணம் தேவை. இரண்டாம் வெள்ளம் புறப்பட்டது. அதன் அடையாளமாக விளங்கியது ரஷ்யாவின் மோசின்-நகாந்த். 1891இல் ஜார் மன்னர் ஆட்சியில் ஏற்கப்பட்டு, புரட்சியையும் இரு உலகப் போர்களையும் கடந்த இத்துப்பாக்கி, கெட்டியான பாதுகாப்புப் பசையில் தோய்ந்து, பெட்டிக்கு இருபதாக அமெரிக்கா வந்தது. 2000களிலும் ஒன்றின் விலை நூறு டாலருக்குக் கீழேயே இருந்தது. கொதிநீரும் துணியும் கொண்டு பல மணி நேரம் அப்பசையை நீக்குவது புதிய சேகரிப்பாளரின் முதற்பயிற்சியாயிற்று.

இரும்பில் எழுதப்பட்டவை

துப்பாக்கியைத் துடைத்த கைகள் அடுத்துச் செய்வது படித்தல். கல்வெட்டு ஆய்வாளர் கல்லைப் படிப்பதுபோல் சேகரிப்பாளர் இரும்பைப் படிக்கிறார். ஆலையின் சின்னம், செய்த ஆண்டு, சோதித்தவரின் முத்திரை, வரிசை எண், படையின் உடைமைக் குறி, பழுதுபார்த்த கிடங்கின் அடையாளம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். துலா ஆலைக்கு விண்மீன். இஷெவ்ஸ்க் ஆலைக்கு முக்கோணத்துள் அம்பு. அதே துப்பாக்கியில் கட்டத்துக்குள் இரு எழுத்துகளாகப் பின்லாந்துப் படையின் உடைமைக் குறியும் இருந்தால், அது ரஷ்யாவிடமிருந்து கைமாறி, ரஷ்யாவுக்கு எதிராகவே பயன்பட்டிருக்கலாம் என்பது புலப்படும்.

இஸ்ரேலின் மௌசர் துப்பாக்கிகள் இன்னும் ஆழமானதொன்றைச் சொல்கின்றன. 1948இல் தோன்றிய அந்நாடு, போருக்குப்பின் செக்கோஸ்லோவாக்கியாவில் எஞ்சியிருந்த ஜெர்மானிய மாதிரித் துப்பாக்கிகளை வாங்கியது. அவற்றுள் சிலவற்றில் நாஜி அரசின் கழுகு முத்திரையும், யூதர்களின் தாவீது விண்மீனும் ஒரே இரும்பில் அருகருகே காணப்படுகின்றன. ஓர் இனத்தை அழிக்க முனைந்த அரசின் ஆயுதம், அவ்வினத்தில் எஞ்சியோரின் கையில் அவர்தம் நாட்டைக் காக்கும் ஆயுதமாயிற்று. அதைச் சொல்ல அருகிலுள்ள இரு முத்திரைகளே போதும்.

ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியில் அழிந்த குறியே செய்தி சொல்கிறது. 1942இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய படையினர் ஏந்திய துப்பாக்கி இது. பேரரசரின் உடைமை என்பதைக் காட்டும் சாமந்திப் பூச்சின்னம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சரணடைந்தபின் ஒப்படைக்கப்பட்ட பல துப்பாக்கிகளில் அப்பூ அரைத்து நீக்கப்பட்டது. அமெரிக்காவிலுள்ள அரிசாகாக்களில் பெரும்பாலானவை வணிகர் வழி வராமல் வீரர்களின் நினைவுப் பொருளாக வந்தவை. பூ முழுமையாக இருப்பின் அது போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டிருக்கலாம்; நீங்கியிருப்பின் சரணடைவுக்குப் பின் பெறப்பட்டிருக்கலாம் எனச் சேகரிப்பாளர்கள் கருதுகின்றனர்.

சுவிட்சர்லாந்தின் கே-31 துப்பாக்கி போரைக் காணாதது. எனினும் அதன் அடிக்கட்டையின் உலோகத் தகட்டைக் கழற்றினால், உள்ளே சிறு காகிதச் சீட்டு ஒன்று இருப்பதுண்டு. அதில் அத்துப்பாக்கியை வைத்திருந்த வீரரின் பெயரும் படைப்பிரிவும் ஊரும் எழுதப்பட்டிருக்கும். கடல் கடந்து வாழும் ஒருவர் அம்முகவரிக்கு மடல் எழுதி, முதியவரான அவ்வீரரிடமிருந்தோ அவர் குடும்பத்திடமிருந்தோ பதில் பெற்ற நிகழ்ச்சிகளும் உள்ளன. எண்ணாலும் முத்திரையாலும் மட்டுமே அறியப்படும் பொருளுக்கு அங்கே ஒரு மனிதமுகம் கிடைக்கிறது.

இவ்வரிசையில் கடைசியாகப் பதிவது இறக்குமதியாளரின் குறி. நிறுவனத்தின் பெயரும் ஊரும் துப்பாக்கியில் பொறிக்கப்பட வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி. பழம்பொருளின் அழகைக் கெடுக்கும் வடு எனச் சேகரிப்பாளர் பலர் அதை வெறுக்கின்றனர்; அக்குறி இல்லாதவற்றுக்குக் கூடுதல் விலையும் தருகின்றனர். நாம் அதை வேறுவிதமாகவும் காணலாம். ஜாரின் கழுகைப் போன்றே அதுவும் அத்துப்பாக்கியின் வாழ்வில் ஓர் உண்மைக் கட்டத்தைப் பதிவு செய்கிறது.

காட்மாண்டுவின் பழங்கிடங்கு

இவ்வரலாற்றின் மிக வியப்பான இறக்குமதி நேபாளத்திலிருந்து நிகழ்ந்தது. காட்மாண்டுவின் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில், நேபாளப் படை தலைமுறை தலைமுறையாகக் கைவிட்ட ஆயுதங்கள் குவிந்து கிடந்தன. அமெரிக்கப் பழம்பொருள் வணிகர்கள் 2003இல் அக்குவியல் முழுவதையும் விலைக்கு வாங்கினர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அதில் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகள், மார்ட்டினி-ஹென்றிகள் ஆகியவற்றோடு, நேபாளத்திலேயே வடிவமைக்கப்பட்டு, கெகேந்திர சம்சேர் என்னும் தளபதியின் பெயர் தாங்கிய துப்பாக்கிகளும் கிடைத்தன. இவ்வுள்நாட்டு வடிவத்தை மேலைநாட்டுச் சேகரிப்பாளர் பலர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். பெரும்பாலானவை 1898க்கு முந்தியவை. ஆகவே தொல்பொருளாகவே அமெரிக்காவுக்குள் நுழைந்தன.

இதை மீட்பு எனலாம். புழுதியில் மக்கிக்கொண்டிருந்தவை துடைக்கப்பட்டு, ஆராயப்பட்டு, நூல்களில் இடம்பெற்றன. இதை இழப்பு என்றும் கூறலாம். ஒரு நாட்டின் ஆயுத வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் அடுக்காக இருந்தபோது அது ஓர் ஆவணக்களஞ்சியம். எது எதனோடு கிடந்தது என்பதும் அங்கே ஒரு செய்தி. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தனித்தனியாகப் பிரிந்தபின் அந்தச் செய்தி மீளாது. ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை ஏடு ஏடாகப் பிரித்து ஆயிரம் பேருக்கு விற்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

வற்றும் ஊற்று

இரண்டாம் வெள்ளமும் மெல்ல வடிந்தது. 1994இல் சீனத் துப்பாக்கி இறக்குமதியை அமெரிக்கா நிறுத்தியது. 1996இல் ரஷ்யாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அங்கிருந்து வரக்கூடிய வகைகளை வரையறுத்தது. பல நாடுகள் உபரியை விற்பதைவிட அழிப்பதே நன்று என்ற கொள்கைக்கு வந்தன. விற்ற துப்பாக்கி எந்த உள்நாட்டுப் போரில், எவர் கையில் சென்று சேரும் என எவரும் உறுதி கூற இயலாது என்பதே அதற்குக் காரணம்.

தென்கொரியாவின் எம்1 காரண்ட் துப்பாக்கிகள் இவ்விவாதத்தைக் கூர்மையாக்கின. கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கா வழங்கியவை அவை. ஏறத்தாழ 87,000 காரண்ட்களையும் பல லட்சம் சிறு காரபைன்களையும் அமெரிக்கச் சந்தையில் விற்கத் தென்கொரியா 2009இல் முன்வந்தது. அவை தவறான கைகளில் சேரலாம் எனக் கருதி 2010இல் அமெரிக்க வெளியுறவுத் துறை மறுத்தது. நட்பு நாடுகளுக்கு வழங்கிய ஆயுதங்களைத் தனியார் நிறுவனங்கள் மீண்டும் இறக்குமதி செய்வதைத் தடுப்பதாக 2013இல் ஒபாமா அரசு அறிவித்தது. அறுபது ஆண்டுப் பழமையான, எடைமிகுந்த துப்பாக்கிகள் குற்றங்களில் அரிதாகவே காணப்படுகின்றன எனச் சேகரிப்பாளர்கள் வாதிட்டனர். பழையதாயினும் ஒரு குண்டு ஓர் உயிரைப் பறிக்கும் எனக் கட்டுப்பாட்டை வேண்டியோர் எதிருரைத்தனர். இருசாராரும் ஒரே பொருளைப் பார்த்தே பேசினர். முன்னவர் அதில் எழுதப்பட்டதைக் கண்டனர். பின்னவர் அதனால் இயல்வதைக் கண்டனர்.

வரத்துக் குறையவே விலை உயர்ந்தது. ஒருகாலத்தில் பெட்டி பெட்டியாக விற்ற மோசின்-நகாந்த் இன்று பல நூறு டாலர் பெறுகிறது. விலையோடு போலிகளும் பெருகின. முத்திரைகளைப் புதிதாகப் பொறிப்பதும், வெவ்வேறு துப்பாக்கிகளின் உறுப்புகளைச் சேர்த்து எண்களைப் பொருத்துவதும் நிகழ்கின்றன. ஆகவே படிக்கும் திறனே இன்று சேகரிப்பாளரின் முதற்காவல்.

நிறைவாக

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இவ்வரலாறு மூன்று விடைகளைத் தருகிறது. சட்டம் ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்கிறது. சந்தை விலையைக் கொண்டு சொல்கிறது. சேகரிப்பாளர் குறிகளைப் படித்துச் சொல்கிறார். மூன்றில் முதலிரண்டும் வசதிக்காக வகுத்த கோடுகளே. 1898ஆம் ஆண்டின் கடைசி நாளில் செய்த துப்பாக்கிக்கும் மறுநாள் செய்த துப்பாக்கிக்கும் இரும்பில் வேறுபாடில்லை.

யார் செய்தார், யார் ஏந்தினார், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்னும் பதிவு காக்கப்படும்போதுதான் ஆயுதம் வரலாறாகிறது என்பதே நம் கருத்து. பதிவை அழித்தால் எஞ்சுவது பழைய துப்பாக்கி மட்டுமே. ஆயினும் வரலாறான பின்னும் அது ஆயுதமாக இருப்பதை விட்டுவிடுவதில்லை. டாலஸில் ஒலித்தது இருபத்து மூன்று ஆண்டுப் பழமையான துப்பாக்கியின் ஒலி. அதைப் பழைய பொருளென விற்றவர்களும் இருந்தனர். விளையாட்டுப் பொருளென வாங்கியவர்களும் இருந்தனர்.

எனவே இத்தகைய பொருளைக் காப்பவர்க்கு இரு பொறுப்புகள் உள்ளன. அதில் எழுதப்பட்டதைச் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குத் தர வேண்டும். அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. ஒன்றை மட்டும் செய்து மற்றொன்றை விடுபவர் வரலாற்றைப் பாதியே காத்தவராவார்.